திடீர் அம்மா

பதினெட்டு வயது நிறைந்தால் அரசாங்கம் ஒரு ஆளுக்கு ஓட்டுரிமை கொடுக்கிறது, வண்டி ஓட்ட உரிமம் கொடுக்கிறது, யாரையாவது கட்டிக்கொண்டு கஷ்டப்படவும் அனுமதி கொடுக்கிறது. ஆஷ்லினுக்கு இவற்றோடு சேர்த்து அவளுடைய துக்கத்தையும் அவள் பேருக்கே பட்டா மாற்றிக் கொடுக்கப் போகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அவளைப் பெற்ற பெனிட்டாவுக்கு முதலில் வந்தது கொட்டாவிதான்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு பெரிய பார்சல் குடோனில் அவளுக்கு வேலை. அங்கே எல்லாவற்றையும் எந்திரக் கைகளே பிரித்து அடுக்கிவிடும். முகவரி அழிந்தது, கட்டு அவிழ்ந்தது, என்ன ஏதென்று எந்திரத்துக்கே விளங்காதது எல்லாம் ஒரு மூலையில் வந்து குவியும். அந்த மூலைதான் பெனிட்டா. நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. புருஷன் கப்பலில் வேலைக்குப் போனவர், ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்தில் இறங்கி அங்கேயே குடும்பமாகிவிட்டார் என்று கேள்வி. விசாரித்துப் பார்க்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

குழந்தைகள் மனநலப் பிரிவு டாக்டர் கோமதிநாயகம் அவள் கொட்டாவி விட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று பெயின்ட் உதிர்ந்து நின்றது.

"காதுக்குப் பின்னால வெச்ச சிப் அப்படியேதான் இருக்கும், பெனிட்டாம்மா," என்றார். "மனசு இருளப் போறத அது முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறதும் மாறாது. மழைக்கு முன்னால எறும்பு முட்டையத் தூக்கிட்டு ஓடுமில்ல, அதே சங்கதிதான். இத்தன வருஷம் அது உங்க கையில இருக்குற பட்டைக்குச் சொல்லிச்சு. இனிமே அவ கைப் பட்டைக்குச் சொல்லும்."

"எனக்கு?"

"உங்களுக்குச் சொல்லாது. சட்டம் அப்படி. அவளா வாயத் திறந்து சொன்னாத்தான் உண்டு."

பெனிட்டா தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். கறுப்பு ரப்பர் பட்டை, வியர்வையில் ஓரம் வெளுத்துப் போயிருந்தது. பத்து வயது ஆஷ்லின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்துக் கத்திய வாரத்தில் கட்டிய பட்டை. குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

பட்டையைக் கட்டிவிட்ட நாளிலேயே பெற்றோருக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். அதில் ஒரே ஒரு பாடம்தான். பட்டை செல்போன் மாதிரி அதிர்ந்து அடித்தால் பிள்ளையிடம் அதைச் சொல்லக் கூடாது. உனக்கு வரப்போகிறது என்று சொன்னால் அந்தப் பயமே அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் சாதாரணமாக ஏதாவது செய்யுங்கள், பிள்ளையை அசையவிடுங்கள், வெளிச்சத்துக்கும் மனிதர்களுக்கும் நடுவில் கொண்டுபோய் விடுங்கள், ஒரு மணி நேரத்தில் அது வந்த வழியே போய்விடும். பிள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாது.

ஆக, பெற்றவர்கள் எல்லாரும் சாக்குக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். மாதா மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது அவர்களுக்குள் நடக்கிற பேச்சே அதுதான். ஒருத்தி பட்டை அடித்ததும் மகனைக் கூப்பிட்டு வைத்துப் பரணைச் சுத்தம் செய்வாள். அந்த ஊரிலேயே சுத்தமான பரண் அவள் வீட்டுப் பரண்தான். ஒரு தகப்பனார் மகளோடு ரயில்வே கேட்டில் போய் நின்று சரக்கு வண்டிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். பெனிட்டாவுக்குத் தெரிந்தது ஊர் சுற்றுவது. பட்டை அடித்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு, "வாட்டி, பேக்கரியில மக்ரூன் வாங்கிட்டு வருவோம்," என்று கிளம்பிவிடுவாள். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம்கூட அப்படிக் கிளம்பியிருக்கிறாள். வேலைக்கு நடுவில் அடித்தால் மேஸ்திரி காலில் விழாத குறையாகக் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள். டீச்சரிடம் ஒரு பொய், மகளிடம் ஒரு பொய். கையில் கட்டியிருப்பது குடோனில் கொடுத்த பட்டை, வேலைக்குக் கூப்பிட அடிக்கும் என்று சொல்லி வைத்திருந்தாள். காதுக்குப் பின்னால் இருக்கிற சிப் ஏதோ மருந்து மாதிரி வேலை செய்கிறது என்றுதான் ஆஷ்லின் நினைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பெனிட்டாவுக்குத் 'திடீர் அம்மா' என்று பேர். வைத்தது ஆஷ்லினேதான். "எங்கம்மாவுக்கு உக்காந்துட்டே இருக்கும்போது திடீர்னு குஷி வந்துரும். முயல் தீவுக்குப் போவோம்பா, போட்டுக்காரர் கையக் கால பிடிச்சாவது கூட்டிட்டுப் போயிருவா," என்று கூட்டாளிகளிடம் அவள் பீற்றிக்கொள்வதைப் பெனிட்டா காதால் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களை நினைத்துப் பெருமூச்சு விட்டதையும் பார்த்திருக்கிறாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு," என்றாள் பெனிட்டா. "இதுக்கு முந்தி அடிச்சதெல்லாம் அவளுக்குத் தெரிய வருமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பெரியவங்க பிரிவுல ஒளிவு மறைவுக்கு இடமில்லம்மா. எந்த நாளு, எந்த நேரம், அப்ப அவ எங்க இருந்தா, எல்லாத்தையும் முதல் நாளே உக்கார வெச்சுச் சொல்லிருவாங்க. தன் நோய் எப்படி வரும்னு அவளுக்குத் தெரியணுமில்ல? பட்டை கட்டின பிறகு அத அவ கண்ணால பாத்ததே இல்லையே. நீங்கதான் வாசல்லயே மறிச்சு அனுப்பிட்டீங்களே."

"அப்படிச் செய்யச் சொன்னது நீங்கதான சார்."

"நாங்கதான். சின்னப் பிள்ளைக்கு அது சரி. மறைச்சு மறைச்சே இத்தன வயசு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டோம். அவளே கையாளணும்னு வரும்போது அவளுக்கு ஒண்ணும் தெரியல. இதுக்கு என்ன செய்யணும்னு எனக்கும் யாரும் சொல்லித் தரல."

"அவளுக்குச் சந்தோஷம்னு நெஞ்சுல கிடக்குறதே அந்த நாளுகதான் சார். அம்புட்டும் பட்டை அடிச்ச நாளுன்னு சொல்லிட்டா, பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?"

வெளியே வராந்தா நிறையப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். டாக்டர் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது பெனிட்டா மனசுக்குள் தேடிப் பார்த்தாள். பட்டை அடிக்காமல், சும்மா, பிள்ளை ஆசைப்பட்டாள் என்று கூட்டிக்கொண்டு போன நாள் ஒன்று இருந்தால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். கடற்கரை, பஜார், தீவு, திருச்செந்தூர் ரயில் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் முதலில் மணிக்கட்டுதான் அதிர்ந்திருந்தது. ஒன்றுகூட ஏன் இல்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. சரி, இல்லையென்றால் இப்போது உண்டாக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

பிறந்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பட்டை சாதுவாகக் கிடந்தது. மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டு முடித்ததும் உடம்பு பாயைத் தேடியது. பெனிட்டா முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வாட்டி, கடற்கரைக்குப் போவோம்."

"என்னம்மா, திடீர்னு குஷியா?" என்று ஆஷ்லின் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "வெயில் மண்டையப் பொளக்குது."

"பொளந்தா பொளக்கட்டும்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உப்பளத்துக்காரர்கள் குவித்து வைத்திருந்த உப்பு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பட்டை கட்டியதிலிருந்து முதல் தடவையாகக் காரணம் இல்லாமல் மகளோடு வெளியே போகிறோம் என்று பெனிட்டா நினைத்துக்கொண்டாள். எங்கே உட்கார்ந்தால் காற்று வரும், என்ன வாங்கித் தரலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்தாள். பாதி வழியில் பட்டை அடித்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பெனிட்டா கையைச் சேலைக்குள் மறைத்தாள். ஆஷ்லினுக்குச் சத்தம் கேட்டுவிட்டது.

"வேலைக்குக் கூப்பிடுதாங்களா? லீவு நாள்லயும் விடமாட்டாங்களா உன்னைய?" என்றாள். "போணும்னா போம்மா. நான் திரும்பிப் போயிருதேன்."

"வேலையாவது மண்ணாவது. நீ வெளிய பாரு," என்றாள் பெனிட்டா.

பிறகு எல்லாம் பழகின மாதிரியே நடந்தது. சுண்டல், ஈர மணல், பிள்ளையைப் பேச வைப்பது, சிரிக்க வைப்பது, நடுநடுவே அவள் கண்ணைப் பார்ப்பது. ஒரு மணி நேரத்தில் அது விலகிப் போனது. கிளம்பியபோது அடிக்கவில்லையே என்று பெனிட்டா தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். யாரிடம் போய் அந்த வழக்கைச் சொல்வது? வீட்டுக்கு வரும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். மகள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெரியவர்கள் பிரிவு அதே வளாகத்தில் எதிர்ப்பக்கம் இருந்தது. சுவரில் ஒட்டகச்சிவிங்கி கிடையாது, தண்ணீர்க் குழாய்கூடப் பெரியவர்கள் உயரத்தில் இருந்தது. ஆலோசகர் ஃபர்ஹானா சின்னப் பெண்தான், முப்பதுக்குள் இருப்பாள். முகத்தில் கனிவு இருந்தது, பேச்சில் கறார் இருந்தது. ஆஷ்லினை 'நீங்க' என்றாள். அதைக் கேட்டு ஆஷ்லின் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க வெளிய இருங்க. முதல் நாள் தனியாத்தான் பேசணும்," என்று சொல்லிக்கொண்டே ஃபர்ஹானா பெனிட்டாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையின் கொக்கியைத் திருகினாள். பட்டை கழன்று வந்தது. அந்த இடத்தில் தோல் வெயில் படாமல் வெளுத்து, கைக்குழந்தையின் தோல் மாதிரி இருந்தது.

"மேடம், கொஞ்சம் பைய, பக்குவமாச் சொல்லுங்க," என்றாள் பெனிட்டா.

"சொல்றேம்மா," என்று கதவைச் சாத்தினாள் ஃபர்ஹானா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது பெனிட்டாவின் வெறுங்கை அதிர்ந்தது. குனிந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. மறுபடி அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், "எறும்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மகள் பிள்ளைப்பிராயத்தை ஒவ்வொரு நாளாகப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறாள், பெற்றவள் இங்கே எறும்பு தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

ஆஷ்லின் வெளியே வந்தபோது அவள் கையில் புதுப் பட்டை இருந்தது. சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, உடுப்பு மாற்றி, பாயை உதறி விரித்து அதன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"முயல் தீவு?"

"ஆமா," என்றாள் பெனிட்டா, சுவரோரம் நின்றபடியே.

"கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாளு?"

"அதுவும்."

"நான் வயசுக்கு வந்து சடங்கு முடிஞ்ச மறுநாளு, பஜார்ல கொலுசு வாங்கித் தந்தியே?"

"காலையில இருந்தே அடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

ஆஷ்லின் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "குடோன்ல போட்டு உன்னைய வாட்டி எடுக்குதாங்கன்னு நான் எத்தன மட்டம் உனக்காகப் பாவப்பட்டிருக்கேன் தெரியுமா? அந்த மேஸ்திரிய எப்படியெல்லாம் ஏசியிருக்கேன்!"

"மக்கா, உன் நல்லதுக்குத்தான்..."

"தெரியும்மா. அந்த அக்கா சொன்னாங்க. திட்டணும்னு கேக்கல." அவள் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேக்குதேன், பொய் சொல்லாமச் சொல்லு. அது அடிக்காம, சும்மா, என்னைய எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கியா?"

கடற்கரை என்று சொல்லலாம். கிளம்பும்போது அடிக்கவில்லை, அது சத்தியம். ஆனால் இத்தனை வருஷம் பொய் சொல்லிச் சொல்லி பெனிட்டாவுக்கு அலுத்துப் போயிருந்தது.

"இல்லட்டி," என்றாள்.

"ஏன்?"

"தூங்கிருவேன்." பெனிட்டா பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். "அடிக்கலன்னா அன்னைக்கு உனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அர்த்தம். அந்த ஒரு நாளுதான் நான் கண்ண மூட முடியும். படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடப்பேன். நீ நல்லா இருக்குற நாள்ல எப்படி இருப்பே, என்ன பேசுவே, எனக்குத் தெரியாது. நான் பாத்ததே இல்ல. பெத்தவ சொல்லுத பேச்சா இது?" இப்போது அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆஷ்லின் கோரையைக் கீறுவதை நிறுத்தினாள்.

"நான் பாத்திருக்கேன்," என்றாள்.

"என்னத்த?"

"நீ தூங்குறத. டிவி சத்தத்தக் குறைச்சு வெச்சுட்டு உன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். யாராவது வந்தா, கதவத் தட்டுறதுக்குள்ள ஓடிப் போய்த் திறப்பேன், நீ முழிச்சிரக் கூடாதுல்ல. வெளிய போற நாள்ல எல்லாம் நீ சிரிச்சுக்கிட்டே இருப்பே, ஆனா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பே. எனக்கு என்னமோ நானே சரியில்லாத மாதிரி இருக்கும். தூங்குற நாள்ல மட்டுந்தான் நீ என்னையப் பாக்கமாட்ட. அந்த நாளுதான் எனக்குப் பிடிக்கும்."

"திடீர் அம்மா, திடீர் அம்மான்னு ஊர் பூராச் சொன்னியே?"

"பின்ன, எங்கம்மா நல்லாத் தூங்குவான்னா கூட்டாளிககிட்டச் சொல்ல முடியும்?" ஆஷ்லின் இப்போது உண்மையாகவே சிரித்தாள். "அந்த அக்கா ஒவ்வொரு நாளாச் சொல்லிக்கிட்டே வந்தாங்க. எனக்கு எல்லாம் போயிரும்போலன்னு இருந்துச்சு. கடைசி வரைக்கும் கேட்டேன். நீ தூங்குன நாளு ஒண்ணுகூட அதுல வரல."

பெனிட்டா மகளைப் பார்த்தாள். அப்போது ஆஷ்லினின் சட்டைக் கைக்குள் வண்டு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இருவருமே அதைக் கேட்டார்கள். பெனிட்டாவின் கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்து செருப்பைத் தேடின.

"வாட்டி, மக்ரூன்..."

"உக்காரும்மா." ஆஷ்லின் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஆமா, அடிச்சுது. நான் ஒண்ணும் மறைக்கல. ஆனா எங்கயும் போவேண்டாம். இது எப்படி இருக்கும்னு நான் ஒரு மட்டம் பாக்கணும். என்ன செய்யணும்னு அந்த அக்கா சொல்லித் தந்திருக்காங்க. நம்பரும் இருக்கு. நீ படு."

"நான் எப்படிட்டி படுப்பேன்?"

"நீ தூங்கிட்டுக் கிடந்தா எனக்குப் பயம் கம்மியா இருக்கும்மா. தாங்க முடியலன்னா உன்னைய எழுப்புவேன்."

"கண்டிப்பா எழுப்புவியா?"

"எழுப்புவேன்."

பெனிட்டா பாயில் சாய்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடினாள். ஆஷ்லின் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முழங்கால் அம்மாவின் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த முழங்கால் நடுங்க ஆரம்பித்தது, மூச்சு வேகமாயிற்று. திரும்பிவிடக் கூடாது என்று பெனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். தூங்குகிறவள் விடுகிற மூச்சு எப்படி இருக்கும் என்று யோசித்து, அதே மாதிரி நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டு, மகள் எழுப்புவதற்காகக் காத்துக் கிடந்தாள்.